அம்மாவுக்குத் தைத்த மெஷின் உங்களுக்கு ஏன் தைக்கவில்லை?

என் தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு இந்த வாரமும் ஒன்று வந்தது. வடசென்னைக் கொருக்குப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில், பழைய புடவையில் சுற்றி, மடியிலேயே வைத்துத் தூக்கிவந்த கருப்பு மெஷின். தலை மட்டுமே 10 கிலோவுக்கு மேல் இருக்கும். "அண்ணா, எங்கம்மா கைக்குத்தான் இது தைக்கும். எனக்குக் கை வரல. எடைக்குப் போட்டுடட்டுமா?"

ஊசி திரும்பி இருந்தது. வேறு எதுவும் இல்லை. திருகைத் தளர்த்தி ஊசியைத் திருப்பி மாட்ட அரை நிமிடம். அம்மா உழைத்துச் சேர்த்து வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்த மெஷின், அந்த அரை நிமிடம் தெரியாததால் பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்தது. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பேச்சு இதேதான். இயந்திரம் கெட்டிருந்தால் சரி செய்யலாம். "எனக்குக் கை வராது" என்று முடிவு கட்டிக்கொண்டு வருபவர்களுக்கு என்ன செய்வது? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கைராசி என்று ஒன்று தையலில் கிடையாது. அம்மாவின் மெஷின் அம்மாவுக்கு மட்டும் பேசியதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. அவர் இருபது முப்பது வருடம் ஒரே வகை நூல், ஒரே எண் ஊசி, ஏறக்குறைய ஒரே கனத் துணி என்றே தைத்திருப்பார். டூ பை டூ ரவிக்கைத் துணி, பாவாடைக்குப் பாப்ளின், அவ்வளவுதான். அதற்குத் தகுந்தபடி டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், ஒருமுறை அமைந்துவிட்டது. பிறகு அவர் அதைத் தொடவே தேவை வரவில்லை. நீங்களோ வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கிய வழுக்கும் ஷிஃபானையும், இழுத்தால் நீளும் லெகின்ஸ் துணியையும் அதே அமைப்பில், அதே ஊசியில் வைத்து அழுத்துகிறீர்கள். பெரம்பூர் பக்கத்துப் பழைய வீடுகளிலிருந்து வரும் சில மெஷின்கள், 1996-ல் மூடிய பின்னி மில்லின் காக்கித் துணிக்காகவே இறுக்கி வைக்கப்பட்டவை. அதில் மெல்லிய வாயில் துணியைக் கொடுத்தால் சுருங்காமல் என்ன செய்யும்?

அம்மாவிடமிருந்து உங்களுக்கு மெஷின் வந்தது. அவர் யோசிக்காமலே செய்த சின்னச் சின்ன வேலைகள் வரவில்லை. அவர் தைக்க ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் முனைகளையும் இடது கையால் பின்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்வார். துணியை எடுக்கும் முன் வீலைத் தன் பக்கம் கொஞ்சம் உருட்டி, நூல் தூக்கும் டேக்கப் கம்பி உச்சிக்கு வந்த பிறகுதான் இழுப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த உங்களுக்கு அவர் பெடல் மிதிப்பதும் துணி நகர்வதும்தான் தெரிந்திருக்கும். நூல் முனையைப் பிடிக்காமல் ஆரம்பித்தால் அது உள்ளே இழுபட்டு, ஊசிக்குக் கீழே இருக்கும் ஷட்டிலில் சிக்கும். டேக்கப் கீழே இருக்கும்போது துணியை இழுத்தால் அடுத்த தையலில் ஊசியிலிருந்து நூல் கழன்று வரும். கை வராததால் நடப்பது அல்ல இது. சொல்லிக் கொடுக்கப்படாததால் நடப்பது.

இப்போது என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். துணியின் அடிப்பக்கம் நூல் கூடு கட்டுகிறது. உடனே எல்லோரும் என்ன செய்கிறார்கள்? கீழ் நூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸை வெளியே எடுத்து, அதன் சின்னத் திருகை முறுக்குகிறார்கள். இறுக்குகிறார்கள், தளர்த்துகிறார்கள், மறுபடி இறுக்குகிறார்கள். கடைசியில் எள்ளளவு திருகு கழன்று தரையில் விழுந்து காணாமல் போகிறது. "அம்மாவும் இதைத்தான் திருகுவாங்க" என்று சாட்சி வேறு.

கீழே சிக்கல் என்றால் கீழ் நூல்தான் குற்றவாளி என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டுத் தைத்துப் பாருங்கள். அடியில் கூடு கட்டியிருப்பது என்ன நிறம்? சிவப்பு. அதாவது மேல் நூல். மேல் நூலைப் பிடித்து நிறுத்த ஆளில்லாததால் அது அளவுக்கு மீறி கீழே இறங்கி வளையம் வளையமாகத் தொங்குகிறது. பிடித்து நிறுத்த வேண்டியது, முகத்தட்டில் இருக்கும் இரண்டு வட்டத் தகடுகள். நூல் அந்தத் தகடுகளுக்கு நடுவில் உட்காராமல் மேலோட்டமாகக் கிடந்தால், பாபின் திருகை எத்தனை முறுக்கினாலும் கூடு கட்டத்தான் செய்யும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் இறங்கியிருக்கும்போது நூல் கோர்ப்பதுதான் பெரும்பாலும் காரணம். அப்போது தகடுகள் ஒட்டி மூடியிருக்கும். ஃபுட்டைத் தூக்கினால் பெரும்பாலான மெஷின்களில் தகடு திறக்கும், நூல் உள்ளே போகும். ஆகவே ஃபுட்டைத் தூக்கிவிட்டு நூல் கோருங்கள். கோர்த்த பிறகு ஃபுட்டை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். இறுக்கம் கையில் தெரிய வேண்டும். தெரியவில்லையா, மறுபடி கோருங்கள். திருகை விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

மேல்பக்கத்தில் வெள்ளை நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மட்டும் கீழ் நூல் தளர்ந்திருக்கலாம், அல்லது மேல் நூல் மிஞ்சி இறுகியிருக்கலாம். முதலில் மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் பாபின் கேஸ். பாபின் போட்ட கேஸை நூலில் தொங்கவிட்டு, கையை ஒரு சொடுக்கு சொடுக்குங்கள். கேஸ் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். கரகரவென்று தரை வரை போனால் தளர்வு. அசையவே இல்லை என்றால் இறுக்கம். திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாதீர்கள். திருப்பும் முன் அந்தத் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் பஞ்சு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். முனை மடித்த ஒரு துண்டுக் காகிதத்தை அதன் அடியில் ஓட்டினால் வந்துவிடும்.

ஊசிக்கு வருவோம். ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் அந்தப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்து துளைக்குள் போக வேண்டும். எந்த மெஷினுக்கும் இதுதான் விதி. வீட்டில் இருக்கும் கருப்பு மெஷினில் ஊசியின் தடித்த மேல்பகுதியான தண்டின் தட்டைப் பக்கம் வலது கை வீல் பக்கம் பார்க்கும், நூல் இடமிருந்து வலமாகப் போகும். புதிதாக வாங்கும் ஜிக்ஜாக் மெஷின்களில் பெரும்பாலும் தட்டைப் பக்கம் பின்னால் போகும், நூல் முன்னாலிருந்து பின்னால். அம்மா பழக்கியபடியே புது மெஷினில் பக்கவாட்டில் நூல் கோர்க்கும் பெண்களும், யூடியூப்பில் பார்த்தபடி அம்மாவின் மெஷினில் தட்டைப் பக்கத்தைப் பின்னால் வைப்பவர்களும் ஒரே எண்ணிக்கையில் வருகிறார்கள் என்றே சொல்லலாம்.

டெய்லர்கள் வைத்திருக்கும் அம்ப்ரெல்லா மெஷின் வேறு. அதில் போடும் ஊசிக்குத் தண்டு உருண்டையாக இருக்கும், தட்டைப் பக்கமே கிடையாது. நகத்தால் தடவிப் பள்ளத்தைக் கண்டுபிடித்து இடது பக்கம் வைக்க வேண்டும். இந்த ஊசியின் தண்டு சுமார் 1.6 மி.மீ., வீட்டு மெஷின் ஊசியின் தண்டு சுமார் 2 மி.மீ. டெய்லர் ஊசியை வீட்டு மெஷினில் போட்டால் ஊசி ஆடும், ஷட்டிலில் இடித்து உடையும். கடையில் "ஒரு பாக்கெட் ஊசி" என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய ஊசியைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எண்ணும் முக்கியம். வாயில், ஷிஃபானுக்கு 11. ரவிக்கை, சுடிதாருக்கு 14. பள்ளி யூனிஃபார்ம் பேன்ட் துணிக்கு 16. ஜீன்ஸுக்கு 18. பனியன், லெகின்ஸுக்கு முனை மழுங்கிய பால் பாயின்ட் ஊசி. சாதாரண ஊசி அந்தத் துணியில் இழையை அறுக்கும், தையல் விட்டு விட்டு விழும். ஊசி துணியில் இறங்கும்போது "டக் டக்" என்று சத்தம் கேட்டால் முனை போய்விட்டது. மாற்றுங்கள். பாட்டி காலத்து ஊசியைப் பத்திரமாக வைத்திருப்பதில் மரியாதை எதுவும் இல்லை. டப்பாவில் கிடக்கும் பழைய நூல்கண்டுகளும் அப்படித்தான். ஒரு முழம் இழுத்து அறுத்துப் பாருங்கள். "பட்" என்று சத்தம் வராமல் பஞ்சுபோல் பிரிந்துவிட்டால் உளுத்துவிட்ட நூல், கைத்தையலுக்குக்கூட ஆகாது.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். அது காற்றுப்பட்டுப் பிசினாகும். மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும். வீல் சுற்றாமல் நின்றதும் "ஜாம் ஆயிடுச்சு" என்று சுத்தியலால் தட்டுகிறீர்கள். தையல் மெஷின் ஆயில்தான் விட வேண்டும், ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு. தினமும் தைத்தால் வாரம் ஒருமுறையாவது விடுங்கள். விட்டபின் கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் என்று கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று ஊசி மாட்டும் கம்பியையும் துணியை நகர்த்தும் பல்லையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். தைக்காத நாளிலும் மூடி வையுங்கள்.

2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் ஏறிய வீடுகளிலிருந்து வந்த மெஷின்களில் பல பிழைத்தன. ஓரிரு நாளில் துடைத்து, மூட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு வீலைக் கையால் சுற்றி, அழுக்கு வடிந்தபின் ஆயில் போட்டவை அவை. வெயிலில் காய்ந்தால் சரியாகிவிடும் என்று ஒரு மாதம் போட்டு வைத்தவை பிழைக்கவில்லை. நனைந்த மோட்டாரை மட்டும் நீங்களே ஸ்விட்ச் போட்டுப் பார்க்காதீர்கள்.

மோட்டார் என்றதும் பிள்ளைகள் நினைவு வருகிறது. பாட்டி மிதித்த மெஷினுக்கு மோட்டார் போட்டு, பத்து வயதுப் பிள்ளையை அதன் முன் உட்கார வைக்காதீர்கள். பழக்கமில்லாத கால், பெடலை லேசாக மிதிக்கத் தெரியாது. கை அதற்குள் ஊசிக்கு அடியில் போயிருக்கும். தப்பித் தவறி ஊசி விரலில் இறங்கிவிட்டால் முதலில் ஸ்விட்சை அணையுங்கள். பிடுங்காதீர்கள். ஊசித் திருகைத் தளர்த்தி, வீலைக் கையால் சுற்றி, ஊசி மாட்டும் கம்பியை மட்டும் மேலே ஏற்றுங்கள். ஊசி விரலிலேயே இருக்கட்டும், ஸ்டான்லிக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ போங்கள். ஊசி உடைந்திருந்தால் துண்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே ஏதாவது தங்கிவிட்டதா என்று மருத்துவர் பார்க்க அது உதவும். ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனிகளில் உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். வீட்டிலும் அந்தக் கண்டிப்பு வேண்டும். ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள், தரையில் தவழும் குழந்தை இருக்கிறது. தாவணி, துப்பட்டா, பின்னல் மூன்றும் பெல்ட்டில் சிக்கும். முடிந்து கட்டிவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க நல்ல வரிசை ஏற்கெனவே நம் வீடுகளில் இருந்ததுதான். முதலில் பாட்டிக்கு ஊசியில் நூல் கோர்த்துத் தருவது. பிறகு பழைய பாளையக்கட்டு லுங்கியின் கட்டக் கோடுகள் மேல் ஓட்டுத்தையல். ஒரு கட்டத்துக்கு இத்தனை தையல் என்று எண்ணிப் போட்டால் சமமாக வரும். பழவேற்காட்டிலிருந்து பேர் வாங்கிய அந்தத் துணியை விட நல்ல பயிற்சித் தாள் எனக்குத் தெரியாது. அடுத்து எம்மிங், கொக்கி, காஜா. அதன் பிறகுதான் மெஷின், அதுவும் நூல் இல்லாமல், கோடு போட்ட நோட்டுத் தாளில். மிதிக்க ஆரம்பிக்கும் முன் வீலின் மேல்புறத்தைக் கையால் தன் பக்கம் உருட்டி விட வேண்டும். குதிகாலும் முன்காலும் மாறி மாறி அழுத்த, வீல் பின்பக்கம் ஓடாமல் அரை மணி நேரம் மிதிக்க வந்த பிறகு நூல் கோருங்கள். பின்பக்கம் ஓடினால் நூல் சிக்கும், பிள்ளைக்கு வெறுத்துப் போகும்.

இன்னொன்று, அம்மாவின் அளவு நாடா. துணி நாடா வருஷக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும். ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள். 12 அங்குலத்துக்குக் கால் அங்குலம் கூடியிருந்தால்கூட 36 மார்பளவில் முக்கால் அங்குலம் தப்பும். அளவு ரவிக்கையை வைத்தே வெட்டுபவர்கள் அது எத்தனை முறை துவைத்துத் தொய்ந்தது என்பதையும் சேர்த்துத்தான் வெட்டுகிறார்கள்.

அம்மா இன்னும் மெஷின் முன் உட்காருகிறார் என்றால் ஒரு மதியம் ஒதுக்கிப் பக்கத்தில் உட்காருங்கள், நோட்டோடு. எந்தத் துணிக்கு டென்ஷன் எண் எத்தனை, கழுத்து வெட்டும்போது தோளிலிருந்து எவ்வளவு விடுகிறார், டக் மடிப்பை எங்கே முடிக்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். ரவிக்கையின் பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு அங்குலத் துணி விட்டு, மூன்று வரி தையல் ஏன் போடுகிறார் என்று கேளுங்கள். உடம்பு பருக்கும்போது ஒவ்வொரு வரியாகப் பிரித்துக்கொள்ளத்தான் என்பார். எவ்வளவு இடைவெளி விட்டு அந்த மூன்று வரியும் போடுகிறார் என்பதை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள்.