பழக் குக்கீ மூன்றாம் நாளே நமுத்துப்போவது ஏன்?

வீட்டுக் குறிப்பை வைத்து, பழமும் மசாலாவும் சேர்த்துக் குக்கீ சுட்டு விற்கும் பெண்கள் கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரிப் பக்கம் நிறையப் பேர். பயிற்சிக்கு வருகிறவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: சுட்ட அன்று மொறுமொறு, மூன்றாம் நாள் நமுத்துவிடுகிறது, பத்தாம் நாள் பழத்தைச் சுற்றிப் பூஞ்சணம். ஓவன் சரியில்லை, மாவு சரியில்லை என்பார்கள். கோளாறு ஈரத்தில். அது பழத்திலும் வெல்லத்திலும் வெண்ணெயிலும் கண்ணுக்குத் தெரியாமல் மாவுக்குள் போய்விடுகிறது.

மாம்பழம் மலிந்து கிடக்கும் ஜூன் மாதத்தில் கூழை அப்படியே மாவில் ஊற்றிப் பிசைவதுதான் பெரிய தப்பு. மாம்பழத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். இரண்டு கரண்டி கூழ் விழுந்தால் குக்கீ கேக்காகப் பொதபொதவென்று எழும்பும். குக்கீக்கு உலர்த்திய துண்டுதான் ஒத்துவரும். செந்தூராவோ பெங்களூராவோ, பழுத்தும் சதை கெட்டியாக இருக்கும் பதத்தில் எடுத்து 5 மில்லிமீட்டர் கனத்தில் சீவி, மெல்லிய துணி போர்த்தி நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும். மேகமூட்டமாக இருந்தால் ஓவனை 65 டிகிரியில் வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து 8 முதல் 10 மணி நேரம்.

துண்டு வளையவேண்டும், கிள்ளினால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டக்கூடாது. பிறகு கண்ணாடி பாட்டிலில் முக்கால் பாகம் நிரப்பி மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்சுவரில் முத்து முத்தாக நீர் கோத்தால் மறுபடி வெயிலுக்குத்தான். இந்த ஒரு வாரத்தை யாரும் பொறுப்பதில்லை. பூஞ்சணத்துக்கு முக்கால்வாசிக் காரணம் அந்த அவசரம்.

கடைத் திராட்சையை வெதுவெதுப்பான நீரில் அலசித் துணியில் ஒற்றி, இரண்டு மணி நேரம் காற்றாட விட்டால் போதும். ஊறவைப்பது கேக்குக்கு. பளிச்சென்ற பொன்னிறத் திராட்சைக்குக் கந்தகப் புகை போட்டிருப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது இழுப்பைக் கிளப்பும். டூட்டி ஃப்ரூட்டியைப் பழக்கணக்கில் சேர்க்காதீர்கள், அது சர்க்கரைப் பாகில் ஊறிய, சாயம் ஏற்றிய பப்பாளிக்காய்.

வெல்லம் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். முழு இனிப்பையும் வெல்லமாகப் போடுகிற குக்கீ நமுக்காமல் இருந்தால்தான் அதிசயம். பாதி வெல்லம், பாதி சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெல்லத்தைத் துருவித் தட்டில் பரப்பி, சூடாக்கி அணைத்த ஓவனில் அரை மணி நேரம் வைத்து, ஆறியபின் எடையிடுங்கள். எலுமிச்சை மஞ்சளில் மின்னும் வெல்லம் பெரும்பாலும் ரசாயனம் போட்டு வெளுத்தது; பழுப்பு வெல்லமே நல்லது.

கடை வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையாது, தண்ணீர் 16 சதவீதத்துக்கு மேல் போகாது. வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் எவ்வளவு நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை பிசைந்து கழுவி, நீரைப் பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

சுமார் 24 குக்கீக்கு: கேழ்வரகு மாவு 80 கிராம், கோதுமை மாவு 120, வெண்ணெய் 110, வெல்லமும் சர்க்கரையும் 40, 40, உலர்பழம் 60, முந்திரி 25, சுக்குத்தூள் 1 கிராம், பட்டைத்தூள் 1 கிராம், ஏலக்காய் நான்கு, கிராம்பு இரண்டு, பேக்கிங் சோடா கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மேசைக்கரண்டி பால். பாட்டி குறிப்பில் டம்ளர் கணக்கு இருக்கும். ஒரு தடவை தராசில் வைத்துக் கிராமாக்கிக்கொள்ளுங்கள், டம்ளர் வீட்டுக்கு வீடு மாறும். கேழ்வரகு பாதிக்கு மேல் போனால் பிடிமானம் இல்லாமல் உதிரும். அந்த மாவை இளந்தீயில் பச்சை வாசனை போகும்வரை வறுத்து, நன்றாக ஆறவிடவேண்டும். சோடா கூடினால் சோப்பு வாடை.

வெண்ணெயையும் இனிப்பையும் மூன்று நிமிடம் அடித்து, பாலும் மற்றதும் சேர்த்து ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் பிசைந்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். தருமபுரி சித்திரை வெயிலில் இதை விட்டால் ட்ரே முழுக்க ஒரே குக்கீயாகப் பரவிவிடும். 20 கிராம் உருண்டைகளாகத் தட்டி, மேலே துருத்தும் பழத்தை உள்ளே அமுக்குங்கள். வெளியே நிற்பது கருகிக் கசக்கும். 165 டிகிரியில் 14 முதல் 16 நிமிடம். கேழ்வரகு ஏற்கெனவே பழுப்பு என்பதால் நிறத்தை நம்பாதீர்கள். ஓரம் தொட்டால் கெட்டியாகவும் நடு மெத்தென்றும் இருக்கும்போது எடுத்தால் ஆறும்போது இறுகும். கம்பி வலையில் ஒரு மணி நேரம் ஆறியபின்தான் டப்பா. நமுத்ததை 120 டிகிரியில் 8 நிமிடம் காட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். பூஞ்சணம் கண்டால் முழு டப்பாவும் குப்பைக்கு.

முந்திரிக்குப் பதில் நிலக்கடலை போடுபவர்கள் சுருங்கிய, கறுத்த, கசக்கும் பருப்பைப் பொறுக்கி எறியவேண்டும். அதிலுள்ள பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின் ஓவன் சூட்டில் முழுதாக அழியாது. பட்டையை முழுசாக வாங்கி அரையுங்கள். 2023-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் ஈயம் சிக்கியபோது, வந்த வழி பட்டைத்தூள்தான். கடையில் கிடைக்கும் தடித்த, ஒற்றைச் சுருள் பட்டையில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம். தினமும் கூடுதலாகப் போனால் கல்லீரலுக்கு ஆகாது. பல அடுக்காகச் சுருண்டு, கையில் நொறுங்கும் இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு. விலை அதிகம்தான், ஆனால் ஒரு ஈடுக்கு ஒரு கிராம்தானே.

விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யவேண்டும்; வீட்டுச் சமையலறை என்பதற்கு விலக்கு இல்லை. லேபிளில் கோதுமை, பால், முந்திரி மூன்றும் தெளிவாக இருக்கட்டும். "சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது" என்று மட்டும் எழுதாதீர்கள். வெல்லமும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். எத்தனை நாள் தாங்கும் என்பதை ஊகித்து அச்சிடவேண்டாம். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பாக்கெட்டை விற்காமல் அடுப்படி அலமாரியில் வைத்து இரண்டு நாளைக்கு ஒரு குக்கீயை உடைத்துப் பாருங்கள். 14-ஆம் நாள் நமுத்தால் லேபிளில் 10 நாள் போடலாம். மழைக்காலத்துக்கு இதைத் தனியாகச் செய்து பார்க்கவேண்டும்.