வல்லூறுக்கும் லென்ஸுக்கும் நடுவே

“அரிட்டாபட்டியில் பதினோரு மணி வெயிலில், பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்த வல்லூறைப் படமெடுத்தேன். 600 எம்.எம். லென்ஸ், டிரைபாட், ஷட்டர் வேகம் 1/2000 நொடி. அப்படியும் இறகெல்லாம் குழைந்திருக்கிறது. லென்ஸை மாற்றிவிடலாமா?” மதுரை மாவட்டத்து மேலூர் வாசகர் ஒருவர் படத்தோடு கேட்டிருக்கிறார்.

மாற்ற வேண்டாம். கேமரா ஆடியிருந்தால் படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருக்கும். ஃபோகஸ் தப்பியிருந்தால் முன்னாலோ பின்னாலோ கொஞ்சம் பாறையாவது தெளிவாக விழுந்திருக்கும். இங்கே பாறை விளிம்பே நெளிகிறது. நெளிய வைத்தது காற்று.

சூடான காற்றின் அடர்த்தி குறைவு, அடர்த்தி மாறினால் ஒளி வளையும் என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனால் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்றின் ஒளிவிலகல் எண் குறைவது ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இத்தனூண்டு மாற்றம் ஒரு படத்தையே கெடுக்குமா?

கெடுக்கும். அது நடக்கும் விதம்தான் அழகு. வெயிலில் காயும் பாறையை ஒட்டிய காற்று சூடேறி, சோற்றுப்பானைக் கொதி மாதிரி திரள் திரளாகக் கிளம்புகிறது. இடையிடையே குளிர்ந்த காற்று கீழே இறங்குகிறது. ஒவ்வொரு திரளும் ஒரு மெல்லிய லென்ஸ். வல்லூறின் கண்ணில் பட்டுத் திரும்பும் ஒளி, வழிநெடுக இந்த லென்ஸ்களைத் தாண்டி வர வேண்டும். ஒவ்வொன்றும் அதை மயிரளவு திருப்பிவிடும். உங்கள் லென்ஸின் முன்கண்ணாடியில் இடப்பக்கம் விழும் கதிரும் வலப்பக்கம் விழும் கதிரும் வெவ்வேறு திரள்களைக் கடந்து வந்தவை. அதனால் ஒரே புள்ளியில் சேர மாட்டேன் என்கின்றன. வேகமான ஷட்டர் அசைவை நிறுத்தும். கலைந்து வந்த ஒளியை அதனால் கூட்டிச் சேர்க்க முடியாது. லென்ஸ் நீளமாக நீளமாக, பறவையோடு நெளிவும் பெரிதாகும்.

விண்மீன் மினுக்குவதும் இதனால்தான். 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், தரைச் சூட்டுக்கு மேலே கோபுர உச்சியில் கண்ணாடி வைத்துச் சூரிய ஒளியைப் பிடிக்கிறார்கள். காற்றின் நெளிவுக்கு ஏற்ப நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வளைந்து கொடுக்கும் கண்ணாடியையும் வானியலாளர்கள் உருவாக்கினார்கள். அதே நுட்பம் இன்று மனித விழித்திரையின் செல்களைத் தனித்தனியாகக் காட்டுகிறது. வானாராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்பவர்களிடம், கண் மருத்துவத்துக்குப் பேர்போன மதுரைக்காரர்களாவது இதைச் சொல்ல வேண்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது? விடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் எடுங்கள். பறவையைக் கலைக்காமல் முடிந்தவரை கிட்டே போங்கள். ஏசி ஓடிய காரின் கண்ணாடியை இறக்கியதும் எடுக்காதீர்கள். ஜன்னலிலேயே குளிர்காற்றும் சுடுகாற்றும் கலந்துகொண்டிருக்கும். வெயில் ஏறிவிட்டால், கேமராத் திரையில் பாறை விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். லேசாக நெளிந்தால் இருபது முப்பது படம் தொடர்ந்து எடுங்கள், ஒன்றிரண்டு தேறும். கொதிக்கிற மாதிரி நெளிந்தால் கேமராவைப் பையில் வைத்துவிட்டு பைனாகுலரை எடுங்கள். எட்டு மடங்கு உருப்பெருக்கத்தில் அந்த நெளிவு அவ்வளவாகத் தெரியாது, வல்லூறு நன்றாகவே தெரியும்.