பாலம் கட்டும் முன்பே வண்டிகளை எண்ணுவது எப்படி?

புதுப் பாலம் வந்தால் எந்தச் சாலையில் எத்தனை வண்டி போகும் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்கிறார்கள் என ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

யாரும் தனக்குச் சீக்கிரமான வழியில்தான் போவார். எல்லோரும் அங்கேயே குவிந்தால் அந்த வழி மந்தமாகும், சிலர் மாறுவார்கள். இனி வழி மாறினாலும் யாருக்கும் லாபமில்லை என்ற கட்டத்தில் ஓட்டம் நிலைகொள்ளும். 1952இல் ஆங்கிலேயப் போக்குவரத்து ஆய்வாளர் வார்ட்ராப் சொன்ன விதி இது. இந்தச் சமநிலை ஒரு கணிதப் பள்ளத்தின் அடிப்புள்ளி, அதாவது ஒரு கோவையின் மதிப்பு மிகக் குறைவாக இருக்கும் இடம் என்று 1956இல் பொருளியலாளர் பெக்மனும் உடன் எழுதியவர்களும் காட்டினார்கள். சரி, அடிக்கு எப்படி இறங்குவது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1000 வண்டிகள், இரண்டு சாலைகள். காலியாக இருந்தால் ஊர்ச்சாலையில் 10 நிமிடம், புறவழிச்சாலையில் 14. எதிலும் 50 வண்டிக்கு ஒரு நிமிடம் கூடும். முதலில் 1000 வண்டியையும் ஊர்ச்சாலையில் கொட்டுங்கள்: 30 நிமிடம் ஆகிவிடும். இப்போது புறவழிதான் வேகம். அத்தனையையும் அங்கே தள்ளினால் அது 34 ஆகும். அதனால் முழுக்கத் தள்ளாமல், பள்ளம் எங்கே அதிக ஆழமோ அதுவரை மட்டும் நகர்த்த வேண்டும். ஐந்தில் இரண்டு பங்கு நகர்த்தினால் 600, 400. இரண்டிலும் சரியாக 22 நிமிடம்!

நகரத்தில் ஆயிரக்கணக்கான சாலைகள் என்பதால் ஒரே அடியில் முடியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வேலை இவ்வளவுதான்: அப்போதைய நெரிசலில் நேரம் மிகக் குறைந்த வழியைத் தேடு, கொஞ்சம் நகர்த்து. எவ்வளவு பெரிய சிக்கல், எவ்வளவு எளிய படி!

இந்த முறையைத் தந்த மார்கரீத் ஃபிராங்க், பிலிப் வுல்ஃப் கட்டுரையும் 1956இல்தான் வந்தது, அதுவும் அமெரிக்கக் கடற்படையின் தளவாட ஆய்விதழில். அவர்கள் எடுத்துக்கொண்டது இருபடிக் கோவைகளை, அதாவது வர்க்கங்கள் வரும் கோவைகளை. சாலைக்கு அது பின்னால்தான் வந்தது. 'உடனடிப் பயன் என்ன?' என்று கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் மறுப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒரு குறை உண்டு. அடிப்புள்ளியை நெருங்க நெருங்க இது பக்கவாட்டில் தள்ளாடும். அமெரிக்காவின் சூ ஃபால்ஸ் ஊரை வைத்து வரைந்த, 24 சந்திப்பும் 76 இணைப்பும் கொண்ட சின்ன மாதிரி வலையில்கூட இதைப் பார்க்கலாம். பாலம் இருந்தால், இல்லாவிட்டால் என்று இரண்டு கணக்கைக் கழித்துப் பார்க்கும்போது, இந்தத் தள்ளாட்டமே பாலத்தின் பலன் போலத் தோன்றிவிடும். அதனால்தான் ஒவ்வொரு புறப்பாட்டு இடத்துக்கும் தனித்தனியாக ஓட்டத்தைச் சரிசெய்யும் புதிய முறைகள் பின்னர் வந்தன.