படபடக்கும் நெஞ்சுக்கு ஒரு கவிதை வரி

"பயமா இருக்கா?" என்று கேட்டால் சின்னக் குழந்தை பெரும்பாலும் தலையை மட்டும் ஆட்டும். "நெஞ்சு எப்படி அடிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். "டக்கு டக்குனு அடிக்குது" என்று உடனே பதில் வரும். பயம், ஏக்கம், பதற்றம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் பெயர்கள். படபட, வெடவெட, குறுகுறு போன்ற ஒலிச் சொற்கள் உடம்பில் நடப்பதையே சொல்கின்றன. அதனால்தான் அவை குழந்தையின் வாயில் முதலில் வந்து நிற்கின்றன.

ஒலியும் நாம் உணர்வதும் இப்படி ஒட்டிக்கொள்வதற்கு மூளையிலேயே ஒரு அடித்தளம் இருக்கலாம். 2001-இல் மூளை ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பார்டும் கூர்முனைகள் கொண்ட ஒரு வடிவத்தையும் வளைவுகள் கொண்ட ஒரு வடிவத்தையும் காட்டி, பொருளில்லாத இரண்டு சொற்களைச் சொல்லி, எது 'கிகி', எது 'பூபா' என்று கேட்டார்கள். 95 சதவீதம் பேர் கூரானதைக் 'கிகி' என்றார்கள். அந்தச் சொல்லில் நாக்கு அண்ணத்தில் சட்டென்று மோதி விலகுகிறது. 'பூபா'வில் உதடு குவிந்து ஒலி உருண்டு வருகிறது. வாயின் அசைவையும் ஒலியையும் கண்ணில் படும் வடிவத்தையும் மூளை சேர்த்தே உணர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 2006-இல் உளவியலாளர் டாப்னி மௌரர் குழுவினர் இரண்டரை வயதுக் குழந்தைகளிடமும் இதே போக்கைக் கண்டார்கள். எழுத்து தெரியாத வயது அது!

தமிழில் இப்படிப்பட்ட ஒலிச் சொற்கள் ஏராளம். கோபத்துக்குக் கடுகடு, சிடுசிடு, நடுக்கத்துக்கு வெடவெட, கண்ணீருக்குப் பொலபொல. சொல்லும்போதே வாய் அந்த உணர்ச்சியை நடித்துவிடுகிறது. சரி, கவிதை எங்கே வருகிறது? உடம்பில் எங்கே, என்ன சத்தம் என்று குழந்தையிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும், பதிலே கவிதையாகிவிடும்.

வயிற்றில் குடுகுடு
காலில் வெடவெட
அம்மா வந்ததும்
அப்பாடா!

நான்கே வரியில் பயம் வந்து, போயும்விட்டது. அதற்கு அப்புறம்தான் "இதுக்குப் பேர் பயம்" என்று சொல்ல வேண்டும். இந்தப் பெயரிடலும் முக்கியம். 2007-இல் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் பெரியவர்களிடம் செய்த ஆய்வில், படத்தில் உள்ள முகத்தின் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்தது.

குழந்தை தானாக உண்டாக்கும் சத்தத்தைத் திருத்தாதீர்கள். ஒரு குழந்தையின் கோபம் 'டமால்', இன்னொன்றின் கோபம் 'புஸ்ஸ்ஸ்'. முதலாவது வெடித்து முடிந்துவிட்டது. இரண்டாவது உள்ளே இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது. 'புஸ்ஸ்ஸ்' சொன்ன குழந்தையின் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.