பம்புக்குள் ஜல்லி இல்லை, சூடுதான் இருக்கிறது

"சார், உள்ள ஜல்லி போன மாதிரி கடகடங்குது." பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்புக்காக எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கழற்றினால் ஜல்லியும் இருக்காது, மண்ணும் இருக்காது. தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் மட்டும் தண்ணீர் நுழையும் பக்கத்தில் கரையான் அரித்த பலகை போல இருக்கும். இதுதான் கேவிடேஷன்: தண்ணீருக்குள் ஆவிக் குமிழிகள் உருவாகி நசுங்கி உலோகத்தை அரிப்பது.

சமீபத்தில் ஒரு சாயப்பட்டறை. பேரிங் மாற்றியாச்சு, சீல் இரண்டு முறை மாற்றியாச்சு, சத்தம் நிற்கவில்லை. ஃபீட் டேங்க் தெர்மாமீட்டர் 75 டிகிரி காட்டியது. அந்தச் சூட்டை அந்தப் பம்ப் தாங்கியிருக்க வேண்டும். டேங்கைத் திறந்து டார்ச் அடித்ததும் விஷயம் தெரிந்தது. தண்ணீரைச் சூடேற்றும் நீராவிக் காயில் (சுருள் குழாய்), சக்‌ஷன் (உறிஞ்சும்) குழாயின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். காயிலுக்குள்ளே 3 பார் அழுத்தத்தில் நீராவி, 143 டிகிரி. அந்தக் காயிலை உரசி நிற்கும் தண்ணீர் டேங்கின் மற்றப் பகுதியைவிட எவ்வளவோ சூடு. பம்ப் உறிஞ்சியது அதைத்தான். தெர்மாமீட்டரோ எதிர் மூலையில்! சக்‌ஷன் குழாயிலேயே ஒன்றைப் பொருத்தினோம். 86 டிகிரி.

11 டிகிரிதானே என்று தோன்றும். இம்பெல்லரின் வாயில் தண்ணீர் வேகமெடுக்கும்போது அழுத்தம் சரியும். ஆவியழுத்தத்துக்கு (அந்தச் சூட்டில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் அழுத்தம்) கீழே போனால் அங்கேயே கொதித்துக் குமிழி விடும்; சற்றுத் தள்ளி அழுத்தம் ஏறியதும் குமிழி நசுங்கி உலோகத்தை அடிக்கும். திறந்த டேங்கில் காற்றழுத்தம் தருவது சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். 30 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தம் அதில் அரை மீட்டரைக்கூடத் தின்னாது. 80 டிகிரியில் 5 மீட்டர் காலி, 90-இல் 7 மீட்டருக்கும் மேல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அரிப்பு கடுமையாக இருப்பது கொதிநிலைக்குப் பக்கத்தில் அல்ல, 50-60 டிகிரி வாக்கில். அதற்கு மேல் குமிழிக்குள் ஆவி அடர்த்தியாகி, அடியின் வேகத்தைக் கொஞ்சம் தணித்துவிடும். ஆனால் குமிழிகள் பெருகுவதால் பம்ப் தண்ணீர் தள்ளாது. பாய்லருக்கு அதுவும் ஆபத்துதான்.

சத்தம் கேட்டதும் சக்‌ஷன் வால்வைக் குறுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், அழுத்தம் இன்னும் சரியும். அவசரத்துக்கு தண்ணீர் வெளியேறும் பக்கத்து டெலிவரி வால்வைக் கொஞ்சம் குறுக்குங்கள், ஸ்ட்ரெய்னரை (குப்பை வடிகட்டி) கழுவுங்கள். டேங்குக்குச் சூடாகத் திரும்பும் கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து வந்த தண்ணீர்) சாக்கடையில் விடுவதும் தீர்வல்ல, எரிபொருள் காசு அது. டேங்கை உயர்த்த முடிந்தால் உயர்த்துங்கள். அந்தப் பட்டறையில் அதற்கும் அவசியம் வரவில்லை. காயிலை எதிர்ப்பக்கம் மாற்ற அரை நாள் ஆனது.