ஒரே அர்ச்சகர், பதினான்கு அர்ச்சனைத் தட்டு

"அண்ணே, இது திறக்கவே ரொம்ப நேரம் ஆகுது, அவ்வளவுதான். லோயாட் கணினிக் கடையில வேற ஒண்ணு பார்த்துட்டேன். உள்ளே இருக்கிற படங்களை மட்டும் எடுத்துக் குடுங்க."

செந்தூலிலிருந்து வந்த கல்லூரி மாணவன் லேப்டாப்பை மேசையில் வைத்தபடி சொன்னான். புதியதன் விலையைக் கேட்டேன். மூவாயிரம் வெள்ளிக்குப் பக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த வசனத்தை மாதத்துக்கு நாலு தடவையாவது கேட்டுவிடுகிறேன்.

கடவுச்சொல்லை அடிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்து மாமாக் கடைக்குத் தே தாரிக் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோதும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவழியாக அது நின்றதும் பார்த்தால், திரை என்னவோ அழகாகத்தான் இருந்தது. பின்னணியில் மழை பெய்கிறது. ஓரத்தில் ரெயின்மீட்டர் என்ற அலங்கார மென்பொருளின் கடிகாரம், வானிலை, பிராசஸரின் சூடு. கீழே மேக் கணினியைப் போலத் துள்ளும் ஐகான் வரிசை. டாஸ்க்பார் கண்ணாடி மாதிரி. பையன் ரசனையோடுதான் செய்திருக்கிறான். நான் அலங்காரத்துக்கு எதிரி இல்லை. என் கடைக் கணினியிலும் ரெயின்மீட்டர் ஓடுகிறது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்டப் என்று ஒரு பகுதி உண்டு; கணினி தொடங்கும்போது தானாக எழும் மென்பொருள்கள் அங்கே வரிசையாக இருக்கும். விண்டோஸ் 7 வரை எம்எஸ்கான்ஃபிக் என்ற தனிக் கருவியில் இருந்த பட்டியல் இது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது இங்கே குடியேறியது. பையனுடைய பட்டியலில் பதினான்கு பேர். அலங்காரம் ஐந்துதான். மற்றவை கேம் லாஞ்சர்கள், அரட்டைச் செயலிகள், பிரிண்டர் உதவியாளர், எதற்கென்று அவனுக்கே தெரியாத இரண்டு அப்டேட்டர்கள். பழி மட்டும் மழை வால்பேப்பர் மேல்.

பதினான்கு என்பது பெரிய எண் இல்லை. பதினான்கும் ஒரே நேரத்தில் எழுவதுதான் தொல்லை. அந்த லேப்டாப்பில் இருந்தது நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதைக் கோயிலில் இருக்கும் ஒரே அர்ச்சகராக நினைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு பேர் தட்டை நீட்டுகிறார்கள், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு சன்னிதி. அவர் பிள்ளையாருக்கு ஒரு பூ போட்டுவிட்டு முருகனிடம் ஓடி, மறுபடி பிள்ளையாரிடமே வருகிறார். நேரமெல்லாம் ஓட்டத்திலேயே போகிறது. அந்த வகை டிஸ்க்கின் தலையால் நொடிக்கு நூறு தடவைகூட இடம் மாறிப் படிக்க முடியாது. சுழலும் பாகமே இல்லாத புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டியில் அந்த ஓட்டமே கிடையாது. அது நொடிக்குப் பல்லாயிரம் கோரிக்கைகளைக் கவனித்துவிடும். அதனால்தான் எஸ்எஸ்டி உள்ள கணினியில் இதே பதினான்கு பேர் இருந்தாலும் பலருக்குத் தெரிவதே இல்லை.

பட்டியலில் ஸ்டார்ட்டப் இம்பாக்ட் என்ற பத்தியைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் பயப்படுகிறார்கள். 'ஹை' என்று போட்டிருந்தால் அது வைரஸ் என்று பொருளில்லை. தொடங்கும்போது பிராசஸரில் ஒரு நொடிக்கு மேலோ டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேலோ எடுத்துக்கொண்டால் விண்டோஸ் அப்படிக் குறிக்கிறது. 3 எம்பி, கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவு. அவ்வளவுதான்.

சரி, என்ன செய்தேன்? எதையும் அழிக்கவில்லை. கேம் லாஞ்சர், அரட்டை, பிரிண்டர் உதவியாளர் எல்லாவற்றையும் 'டிசேபிள்' செய்தேன். டிசேபிள் செய்தால் அந்த மென்பொருள் போய்விடாது, கூப்பிட்டால் வரும், தானாக வராது. சில மென்பொருள்கள் அடுத்த அப்டேட்டில் தம்மை மறுபடி பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அவற்றுக்கு அந்த மென்பொருளின் அமைப்புக்குள்ளேயே போய், விண்டோஸோடு தொடங்கு என்ற குறியை எடுத்துவிட வேண்டும்.

அலங்காரங்களுக்கு நான் கையாளும் வழி வேறு. அவற்றை நிறுத்தத் தேவையில்லை, தாமதமாக வரச் சொன்னால் போதும். இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். மென்பொருளை நாம் சொல்லும் நேரத்தில் தொடங்கி வைக்கும் டாஸ்க் ஷெட்யூலர் விண்டோஸிலேயே இருக்கிறது. அலங்காரத்தை ஸ்டார்ட்டப் பட்டியலில் டிசேபிள் செய்துவிட்டு, இங்கே அதைத் தொடங்கப் புதிய டாஸ்க் ஒன்றை உருவாக்கி, தூண்டுதலாக 'அட் லாக் ஆன்' (உள்நுழையும்போது) வைத்து, தாமதம் என்ற இடத்தில் ஒரு நிமிடம் என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ரெயின்மீட்டரை முப்பது நொடி கழித்தும், வால்பேப்பரை ஒரு நிமிடம் கழித்தும் வரச் செய்தேன். பிரவுசர் முதலில் திறந்துவிடும், மழை அப்புறம் பெய்யும். இன்னொன்று: அசையும் வால்பேப்பர் மென்பொருள்களில், வேறு சன்னல் முழுத் திரையில் இருக்கும்போது நின்றுகொள் என்ற தெரிவு பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள். பேட்டரி மிஞ்சும்.

இதைப் படித்துவிட்டு ஒரேயடியாக எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை அப்படித்தான் ஏதோ காணொளியைப் பார்த்து மொத்தப் பட்டியலையும் டிசேபிள் செய்துவிட்டு, மறுநாள் காலை எனக்குப் போன் அடித்தார். "தம்பி, தமிழ் எழுத்து வரமாட்டேங்குது. கேள்வித்தாள் இன்னிக்கே குடுக்கணும்." கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஐகானாக உட்கார்ந்திருந்த தமிழ் விசைப்பலகை மென்பொருளும் தானாக எழாமல் நின்றுவிட்டிருந்தது. முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய ஊர்க்காரர்கள் நாம். தமிழ் அடிக்காமல் நமக்கு ஒரு நாள் போகாது. பட்டியலில் 'லோ' என்று இருக்கும் அந்தச் சின்னது அவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். விசைப்பலகை, டச்பேட், ஒலி, வைரஸ் தடுப்பு இந்த நான்கிலும் கை வைக்காதீர்கள். கோப்புகளை கிளவுடில் சேமிக்கும் மென்பொருளையும் யோசித்து நிறுத்துங்கள். அது ஓடாவிட்டால் நீங்கள் திருத்தும் எதற்கும் நகல் இருக்காது, டிஸ்க் போகும் நாளில்தான் அது தெரியவரும்.

இனி இதைவிடப் பெரிய விஷயம். டாஸ்க் மேனேஜர் காட்டுவது வாசல் வழியாக வருபவர்களை மட்டும்தான். ஷெட்யூல்டு டாஸ்க், பின்னணியில் ஓடும் சர்வீஸ், எக்ஸ்ப்ளோரரோடு ஒட்டிக்கொள்ளும் துணைக்கோப்புகள் எனப் பின்வாசல்கள் பல. அவற்றைப் பார்க்க ஆட்டோரன்ஸ் என்ற கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் நடத்திய சிஸ்இன்டர்னல்ஸில் பிறந்தது. 2006இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது, இன்றும் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. திறந்ததும் நூற்றுக்கணக்கான வரிகள் வந்து மிரட்டும். மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறை என்ற தெரிவைப் போட்டால் பட்டியல் சுருங்கிவிடும். மஞ்சள் வரி என்றால் கோப்பு போய்விட்டது, பதிவு மட்டும் மிச்சம். இளஞ்சிவப்பு என்றால் வெளியீட்டாளர் விவரமோ செல்லுபடியாகும் கையொப்பமோ இல்லை. இளஞ்சிவப்பு எல்லாமே கெட்டது அல்ல; தனி ஆட்கள் எழுதும் நல்ல மென்பொருள்களும் அப்படி வரும். ஆனால் அங்கிருந்துதான் விசாரிக்கத் தொடங்க வேண்டும்.

ஒரு கணக்கு அலுவலகத்துக் கணினியில் இளஞ்சிவப்பில் ஒரு வரி கிடைத்தது. பெயர் எஸ்விசிஹோஸ்ட். விண்டோஸிலேயே அந்தப் பெயரில் ஒன்று உண்டு, ஆனால் அதன் வீடு விண்டோஸின் சொந்தக் கோப்புறையான சிஸ்டம்32. இது பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் உட்கார்ந்திருந்தது. கேட்டபோது, அங்கே வேலை செய்யும் பெண், காசு கட்டி வாங்க வேண்டிய அசையும் வால்பேப்பரை எங்கிருந்தோ இலவசமாக இறக்கியதாகச் சொன்னாள். அந்த வரியின் டிக் குறியை எடுத்து, தானாக எழாமல் செய்துவிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் அது அதற்குள் என்னென்ன பார்த்தது என்று யாருக்குத் தெரியும்? விண்டோஸை முழுதாக அழித்து மறுபடி போட்டேன். வங்கிக் கடவுச்சொற்களை வேறு ஒரு கருவியிலிருந்து உடனே மாற்றச் சொன்னேன். முதலாளிக்கு அந்தப் பெண் மேல் கோபம். எனக்கு, ஊதியக் கணக்கு பார்க்கும் கணினியில் எல்லோருக்கும் நிர்வாகி உரிமை கொடுத்து வைத்திருந்தவர் மேல்தான் கோபம்.

ரெயின்மீட்டருக்காக இறக்கிப் போடும் அலங்காரப் பொதியான ஸ்கின்னும் வெறும் படம் அல்ல. அந்தப் பொதிக்குள் கட்டளைகள் எழுதிய ஸ்கிரிப்ட் இருக்கலாம், டிஎல்எல் என்ற நிரல் கோப்பு வடிவில் பிளக்இன்னும் வரலாம். ஆகவே ஸ்கின் போடுவதும் மென்பொருள் போடுவதும் ஒன்றுதான்.

டாஸ்க்பாரையும் ஸ்டார்ட் மெனுவையும் மாற்றும் மென்பொருள்களில் இன்னொரு சிக்கல். விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாள் கறுப்புத் திரை வரலாம். பயப்பட வேண்டாம். கண்ட்ரோல், ஆல்ட், டிலீட் அழுத்தி, மூலையில் உள்ள பவர் குறியைத் தொட்டு, ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் ஆனதும் 4ஐ அழுத்தினால் அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோட். அங்கே ஸ்டார்ட்டப் பட்டியல் வழியாக வருகிறவை ஓடாது. அந்த மென்பொருளை நிதானமாக நீக்கலாம். சில கணினிகள் இடையில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் கேட்கும். அதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள், அதே கணினிக்குள் அல்ல.

கணினியை வேகமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைப் பற்றி ஒரு வரிதான்: அவற்றில் பலவும் வந்ததும் செய்கிற முதல் வேலை, ஸ்டார்ட்டப் பட்டியலில் பதினைந்தாவது ஆளாகச் சேர்ந்துகொள்வது.

செந்தூல் பையனின் லேப்டாப் அன்று மாலை ஒரு நிமிடத்துக்குள் பிரவுசரைத் திறந்தது. அடுத்த வாரம் எஸ்எஸ்டி போட்டுக்கொண்டு போனான். "மழையை உடனே வர வச்சிடலாமாண்ணே?" என்று கேட்டான். வைத்துக் கொடுத்தேன்.