அவுட்போர்டு என்ஜினின் கடைசிக் கியர்: புரொப்பல்லரைத் தேர்வதும் பொருத்துவதும்

மேடு ஏறும்போது கார் ஓட்டுநர் கியரைக் குறைத்துக்கொள்கிறார். சமதளம் வந்ததும் கூட்டிக்கொள்கிறார். படகின் பின்புறம் வெளியே மாட்டப்படும் அவுட்போர்டு என்ஜினில் அந்த வசதி கிடையாது. முன்னே, பின்னே, நடுநிலை என்பவற்றைத் தவிர வேறு கியர் நிலைகள் பொதுவாக அதில் இல்லை. என்ஜின் எத்தனை முறை சுற்றினால், நீரில் சுழன்று படகை உந்தும் புரொப்பல்லர் ஒரு முறை சுற்றும் என்பதும் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. எனவே படகின் எடைக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்ப நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய கியர் புரொப்பல்லர் ஒன்றுதான்.

புரொப்பல்லரின் குடத்தில், அதாவது இதழ்கள் இணைந்திருக்கும் நடுப்பகுதியில், 13 × 19 என்பதுபோல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது, இதழ்களின் நுனிகள் வரையும் வட்டத்தின் விட்டம், இரண்டாவது, பிட்ச். இரண்டுமே அங்குலக் கணக்கு. மரத்தில் திருகாணி இறங்குவதுபோல நீரில் சற்றும் நழுவாமல் முன்னேறினால், ஒரு முழுச் சுற்றில் புரொப்பல்லர் எவ்வளவு தூரம் போகுமோ அதுவே பிட்ச். என்ஜின் நிமிடத்துக்கு 5,600 முறை சுழல்கிறது, கியர் விகிதம் 2:1 என்று கொள்வோம். புரொப்பல்லர் 2,800 முறை சுழலும். 19 அங்குல பிட்ச் எனில் கணக்குப்படி வேகம் மணிக்கு ஏறத்தாழ 81 கிலோமீட்டர். ஆனால் நீர் மரம்போல் இறுகிய பொருள் அன்று என்பதால், உண்மையான வேகம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். இந்த வித்தியாசத்தை நழுவல் என்கிறார்கள். வேகப்படகுகளில் இது பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும்.

நழுவல் முழுவதையும் வீண் என்று எண்ணிவிடக் கூடாது. புரொப்பல்லரின் ஒவ்வோர் இதழும் விமானத்தின் இறக்கையைப் போன்றது. எதிர்வரும் நீரைச் சிறு கோணத்தில் சந்தித்தால்தான் அதன் ஒரு பக்கம் அழுத்தம் கூடி, மறுபக்கம் குறைந்து, உந்துவிசை பிறக்கும். இதழ் துளியும் நழுவாமல் சென்றால் அந்தக் கோணமும் மறைந்து, விசையும் பெருமளவு குறைந்துவிடும்.

விட்டத்தை என்ஜினின் திறனும் கியர்பெட்டியின் அளவும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுவதால், நமக்கு எஞ்சும் கேள்வி பிட்ச் எவ்வளவு என்பதே. இதற்கு விடை சொல்வது வேகமானி அன்று, சுழற்சிமானி. முழுத் திராட்டிலில், அதாவது வேகக் கட்டுப்பாட்டை முழுதும் திறந்த நிலையில், என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுகளுக்குள் ஓட வேண்டும் என்ற வரம்பை அதன் கையேடு குறிப்பிட்டிருக்கும். வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் எரிபொருளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு, அமைதியான நீரில், என்ஜினின் சாய்வைச் சரிசெய்து, சில விநாடிகள் முழுத் திராட்டிலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் படகில் செய்யும் சோதனை நம்மையே ஏமாற்றும்.

வரம்பு 5,000 முதல் 6,000 வரை என்றும், 19 அங்குல பிட்சில் சுழற்சிமானி 4,800 காட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்றுகள் கூடும் என்பது அனுபவக் கணக்கு. 17 அங்குலத்துக்கு மாறினால் வரம்புக்குள் நுழைந்துவிடலாம். 15 அங்குலத்துக்கு மாறினால் வரம்பின் மேல்பாதியை எட்டலாம். மேல்பாதியே நல்லது, ஏனெனில் சுமை கூடும் நாளிலும் என்ஜின் திணறாது. பிட்சைக் குறைத்தால் வேகம் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். தன் முழுத் திறனை எட்ட முடியாமல் தவித்த என்ஜின், பிட்ச் குறைந்ததும் படகை முன்னைவிட விரைவாகச் செலுத்துவதும் உண்டு. அதிக பிட்சோடு தொடர்ந்து ஓட்டுவதோ, செங்குத்தான மேட்டில் காரை உச்சக் கியரில் ஏற்றுவதற்கு ஒப்பாகும். சிலிண்டரின் அழுத்தமும் வெப்பமும் கூடி என்ஜினின் ஆயுள் குறையும். பிட்ச் மிகவும் குறைந்தால் என்ஜின் வரம்பைத் தாண்டிச் சுழலும்.

இதழ்களின் எண்ணிக்கையும் உலோகமும் இதற்கு அடுத்தவை. மூன்று இதழ்கள் பொதுவாக உச்சவேகத்துக்கும், நான்கு இதழ்கள் பிடிப்புக்கும் சீரான ஓட்டத்துக்கும் சாதகம். அலுமினியம் விலை குறைவு. துருப்பிடிக்காத எஃகு வலிமை மிக்கது என்பதால் இதழ்களை மெல்லியதாக்கலாம், சுமையில் அவை வளைவதும் குறைவு.

திருப்பத்தில் என்ஜின் திடீரென அலறி, படகு தளர்ந்தால், 'கேவிட்டேஷன்' என்று சொல்லிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது மேற்பரப்பிலிருந்து காற்று இதழ்களுக்குள் இழுக்கப்படுவதே ஆகும்; என்ஜினைப் படகில் மிக உயரத்தில் பொருத்தியிருந்தால் இது நேரும். கேவிட்டேஷன் வேறு: இதழின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, நீர் தன் வெப்பநிலையிலேயே கொதித்து ஆவிக்குமிழ்களாவது. 1894-இல் நீரில் இறக்கப்பட்ட பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸின் டர்பினியா என்ற நீராவிக் கப்பல் இந்தக் குமிழ்களால்தான் முதலில் வேகமெடுக்காமல் தவித்தது. அவர் ஒரு தண்டுக்குப் பதில் மூன்று தண்டுகளும், தண்டுக்கு மூன்று புரொப்பல்லர்களும் வைத்துச் சுமையைப் பகிர்ந்த பிறகு, 1897-இல் அந்தக் கப்பல் 34 நாட் (மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர்) வேகத்தைத் தொட்டது.

பொருத்துவதற்கு முன் சாவியை எடுத்துவிட்டு, கியரை நடுநிலையில் வைத்து, அவசர நிறுத்தக் கயிற்றையும் கழற்றிவிட வேண்டும். பழையதைக் கழற்றியதும், தண்டின் அடியில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அது எண்ணெய் கசியாமல் தடுக்கும் அடைப்பை அறுத்தால் கியர்பெட்டிக்குள் நீர் புகும், எண்ணெய் பால்நிறமாகும். தண்டின் பல்வரிகளில் நீர் தாங்கும் கிரீஸைத் தடவி, முதலில் உந்துவிசை வாஷரை, அதன் சரிவான பக்கம் தண்டின் சரிவோடு பொருந்தும்படி இட வேண்டும். மறதியால் இதை விட்டுவிட்டால் புரொப்பல்லர் முன்னேறி கியர்பெட்டியையே உரசித் தின்னும். பிறகு புரொப்பல்லர், பின் வாஷர், நட்டு. இதழுக்கும் புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகட்டுக்கும் இடையே ஒரு மரக்கட்டையைக் கொடுத்துச் சுழலாமல் நிறுத்தி, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கி, பூட்டு ஊசி உள்ள என்ஜினில் புதிய ஊசியைச் செருகி அதன் கால்களை விரிக்க வேண்டும்.

பல புரொப்பல்லர்களின் குடத்துக்குள் புஷ் எனப்படும் ஒரு ரப்பர் உருளை இருக்கும். கியர் மாறும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்குவதும், இதழ் எதிலாவது மோதினால் நழுவிக் கொடுத்துப் பற்சக்கரங்களைக் காப்பதும் அதன் வேலை. அது பழுதாகும்போது என்ஜின் விரைந்து சுழன்றும் படகு நகராது. தவறான பிட்ச் என்று மயங்கவும் இடமுண்டு. பெயிண்டால் உட்குழலிலிருந்து வெளிக்குடம் வரை ஒரு நேர்கோடு வரைந்து, ஓட்டிவிட்டு வந்து பார்க்கலாம்: கோட்டின் இரு பாதிகளும் விலகியிருந்தால் மாற்ற வேண்டியது பிட்சை அன்று, புஷ்ஷை.